வேலூர் வெயிலில் பாசிப்பாறை அருவி: கொட்டேஷனில் இருப்பதும் விட்டுப்போவதும்

கருங்கல் அடுக்கு, அதன் மேல் மெத்தை விரித்த மாதிரி பச்சைப் பாசி, நடுவில் நூலாக இறங்கும் தண்ணீர், கீழே அல்லி பூத்த சின்னக் குளம். தோட்டம் அமைத்துத் தருகிறவர்கள் செல்போனில் காட்டும் படம் இதுதான். படத்தைப் பார்த்ததும் மயங்கிவிடுகிறோம். அது எந்த ஊரில், எந்த மாதத்தில் எடுத்தது என்று யாரும் கேட்பதில்லை. சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. போர் தண்ணீரில் உப்பு அதிகம். மழை பெரும்பாலும் ஆடிக்குப் பிறகுதான். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு காட்பாடியிலோ பாகாயத்திலோ சத்துவாச்சாரியிலோ அதே படத்தைக் கொண்டுவர முடியுமா? முடியும். ஆனால் கொட்டேஷனில் பெரிய எழுத்தில் இருக்கும் வரிகளால் அது வராது.

இந்த வட்டாரத்தில் கிடைக்கும் சேவை மூன்று விதம். அச்சில் வார்த்த ஃபைபர் பாறையைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவது ஒன்று. குழி தோண்டுவதிலிருந்து மீன் விடுவது வரை ஒரே தொகை பேசும் லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்ட் இன்னொன்று. பொருளை நாமே வாங்கி, கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியனைத் தனித்தனியாக வைத்துச் செய்வது மூன்றாவது. பேசுவதற்கு வசதியாக எல்லாவற்றுக்கும் ஒரே அளவை எடுத்துக்கொள்வோம்: 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் உள்ள குளம், தண்ணீர் மட்டத்திலிருந்து மூன்றரை அடி உயர அருவி, அருவியின் வாய் ஓர் அடி அகலம்.

ஃபைபர் பாறையை முதலிலேயே முடித்துவிடலாம். பால்கனிக்கும் வரவேற்பறை மூலைக்கும் சரி. தோட்டத்துக்கு வேண்டாம். மேற்கு வெயில் படும் இடத்தில் அதன் பச்சைப் பெயிண்ட் வெளுத்துப் பொடியாக உதிரும். வழவழப்பான ஃபைபர் தண்ணீரை உறிஞ்சாது, ஆகவே அதன் மேல் அழுக்குப் பாசிதான் படியும். உள்ளே வைத்திருக்கும் பம்ப் பெரும்பாலும் ஏர்கூலருக்குப் போடுகிற ரகம்.

மற்ற இரண்டுக்கும் போகும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் பாசி என்ற ஒரே சொல் இரண்டு உயிர்களுக்கு நிற்கிறது. தண்ணீரைப் பச்சைச் சாயமாக்குவதும் படிக்கட்டை வழுக்க வைப்பதும் ஒன்று. ஆல்கே என்று கடைக்காரர் சொல்வார். கல்லின் மேல் வெல்வெட் மாதிரி வளரும் சின்னஞ்சிறு செடி வேறு, அதுதான் மாஸ். இங்கே அதை மெத்தைப்பாசி என்றே சொல்லிக்கொள்வோம். "மூணு மாசத்துல பாசி பிடிச்சிடும் சார்" என்று கான்ட்ராக்டர் சொன்னால் எந்தப் பாசி என்று கேளுங்கள். முதல் வகை யாருடைய தயவும் இல்லாமல் மூன்று வாரத்தில் வந்துவிடும்.

மண்வேலை

கொட்டேஷனில் இது ஒற்றை வரியாகத்தான் இருக்கும். மலையடிவார மனைகளில் இரண்டடி தோண்டும் முன்பே சுக்கான் பாறையோ கெட்டி மொரம்போ தட்டுப்படலாம். பாறை வந்தால் கூலி யார் கணக்கு என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். பாறையை உடைப்பதைவிட ஓர் அடி தோண்டி, மீதி ஓர் அடிக்கு ஹாலோ பிளாக் கட்டு எழுப்புவது மலிவு.

குழியை நேர் சுவராகத் தோண்டாமல், ஓர் அடி ஆழத்தில் ஓர் அடி அகலப் படி ஒன்றைச் சுற்றிலும் விட வேண்டும். செடித்தொட்டி வைக்கவும், கல்லைத் தாங்கவும், தவறி விழுந்த குழந்தை கால் ஊன்றவும் அது உதவும். படியோடு சேர்த்துக் கணக்கிட்டால் குளம் சுமார் 2,600 லிட்டர் பிடிக்கும்.

விளிம்பு மட்டம் முக்கியம். ரசமட்டத்தை ஒரு பலகையில் வைத்துப் பார்த்தால் 10 அடிக்குப் போதாது. கொத்தனார்கள் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல்தான் சரி. ஒரு பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்தால் தண்ணீர் அங்கேதான் வழியும், எதிர்ப்பக்கத்தில் கறுப்பு ஷீட் பல்லைக் காட்டும். விளிம்பு சுற்றுத் தரையைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தோட்டத்து செம்மண் முழுவதும் குளத்துக்குள் வந்து சேரும்.

தோண்டிய மண்ணையே குவித்து அருவி மேடு ஆக்குவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் குவித்த மறுநாளே கல் அடுக்குவது தவறு. அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடித்து, இரண்டு மூன்று வாரம் அமுங்க விட வேண்டும். அமுங்காத மண்ணில் நிற்கும் அருவி முதல் மழைக்குப் பிறகு ஒரு பக்கம் சாயும், தண்ணீர் ஷீட்டுக்கு வெளியே ஓடும். அடிக்கல் வைக்கும் இடத்தில் மட்டுமாவது நான்கு அங்குல கான்கிரீட் படுகை போட்டுவிட்டால் நிம்மதி.

ஷீட்: பணம் போக வேண்டிய இடம்

குளம் ஒழுகினால் பிரித்து எடுக்க வேண்டியது மூன்று நான்கு டன் கல். அதனால் குழிக்குள் விரிக்கும் லைனர் ஷீட்டில் மிச்சம் பிடிப்பவரிடம் மற்றதைப் பேசவே தேவையில்லை. சந்தையில் நான்கு கிடைக்கும்.

தார்ப்பாய்க் கடையில் 200, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) என்று விற்கும் சில்பாலின் வகை ஷீட் விலை குறைவு. வெயில் படும் விளிம்பில் சில கோடைகளிலேயே மொறுமொறுத்துக் கீறும். கல் அருவிக்கு அடியில் போட இதற்குத் தகுதி இல்லை. பண்ணைக் குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்டிபிஇ ஷீட் நல்ல உழைப்பாளி. ஐஎஸ் 15351 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். அதன் குறை விறைப்பு. வளைவான குளத்தில் மூலை மடிப்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். நேர்க்கோட்டு வடிவக் குளமாக இருந்தால் இதுவே போதும். ஒரு மில்லி மீட்டர் இபிடிஎம் ரப்பர் ஷீட், சைக்கிள் டியூப் மாதிரி எந்த வளைவுக்கும் படியும். விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு, பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். கல் அருவிக்கு எங்கள் ஓட்டு இதற்கே.

நான்காவது, கொத்தனார்கள் விரும்பும் செங்கல் கட்டும் சிமெண்ட் பூச்சும். கம்பி வலை வைத்துப் பூசாமல் விட்டால் பகல் வெயிலிலும் இரவுக் குளிரிலும் மயிரிழை விரிசல் நிச்சயம். புது சிமெண்ட் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும், மீன் தாங்காது. வண்ணமீன் வளர்ப்பவர்கள் புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, நிரப்புவதும் இறைப்பதுமாக மூன்று நான்கு முறை செய்த பிறகே மீன் விடுவார்கள். அந்த வழக்கத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மீன் விடும் முன் பிஎச் சோதனைத் துளியால் பார்த்து 8.5க்குக் கீழ் வந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவில்தான் ஏமாற்று நடக்கும். நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கும், இரு பக்கம் மடக்க ஓரோர் அடியும் கூட்ட வேண்டும். நம் குளத்துக்கு 10 + 4 + 2, அதாவது 16 அடி. அகலம் 6 + 4 + 2, அதாவது 12 அடி. ஆக 192 சதுர அடி. இதில் அருவி மேட்டுக்கான ஷீட் சேரவில்லை. அதற்குத் தனியாக 8 அடிக்கு 5 அடி. கொட்டேஷனில் மொத்தமே 150 சதுர அடி என்று இருந்தால், விளிம்பில் நான்கு அங்குலம் மட்டும் மடக்கி மேலே மண்ணைத் தள்ளி மூடப்போகிறார்கள் என்று பொருள். அருவி ஷீட்டின் கீழ்நுனி குளத்து ஷீட்டின் மேல் ஓர் அடியாவது படிய வேண்டும். கூரைக்கு ஓடு வேய்வது போல, மேலது கீழதன் மேல். தலைகீழாகப் போட்டால் தண்ணீர் இடுக்கு வழியாக மண்ணுக்குள் போய்விடும், வெளியே ஈரம்கூடத் தெரியாது.

ஷீட்டுக்கு அடியில் எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். அதன் துகள்களுக்குக் கூர்முனை உண்டு. பூச்சுக்கு வாங்கும் பி-சாண்ட் இரண்டு அங்குலம் பரப்பி, மேலே 300 ஜிஎஸ்எம் ஜியோ டெக்ஸ்டைல் என்ற கெட்டியான செயற்கைத் துணியை விரிப்பதே முறை. சாக்குப்பை, பழைய புடவை எல்லாம் கரையானுக்கு விருந்து. பெருச்சாளி நடமாடும் மனையாக இருந்தால் விளிம்பைச் சுற்றி மண்ணுக்குள் அரை அங்குலக் கண் உள்ள இரும்பு வலையை ஓர் அடி ஆழத்துக்குச் செருகி வையுங்கள். ஷீட்டுக்கு மேலேயும், கல் உட்காரும் இடமெல்லாம் இன்னொரு துண்டு ஜியோ டெக்ஸ்டைல் வேண்டும். இந்த வரி எந்தக் கொட்டேஷனிலும் இருப்பதில்லை.

கல்

கருங்கல்லுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. குவாரியில் வெடிவைத்து உடைத்த புதுக்கல் கூர்மையாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அதில் மெத்தைப்பாசி ஒட்டப் பல வருடம் ஆகும், ஷீட்டையும் கிழிக்கும். வேண்டியது, வெயில் மழையில் கிடந்து மேல்தோல் சொரசொரத்துப் போன பழைய கல். நிலம் திருத்தும்போது ஒதுக்கிப் போட்ட உருட்டுக்கல்லும், இடித்த பழைய கட்டுமானத்தின் அஸ்திவாரக் கல்லும் இதற்கு வாகானவை. காப்புக்காட்டிலிருந்தோ ஆற்றுப்படுகையிலிருந்தோ கல் எடுப்பது குற்றம். லாரிக்காரர் எங்கிருந்து எடுத்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அளவு: நம் குளத்துக்கும் அருவிக்கும் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, தாராளமாகப் போதும். எடை நான்கு டன் வரும். ஓர் அடிக் குறுக்களவுள்ள உருண்டைக் கல் ஏறக்குறைய 37 கிலோ, ஒன்றரை அடிக் கல் 125 கிலோ, இரண்டடிக் கல் 300 கிலோ. இரண்டடிக் கல் மூன்று, ஒன்றரை அடிக் கல் எட்டு பத்து, மீதி சின்னது என்று கலந்து கேளுங்கள். எல்லாம் ஒரே அளவில் வந்தால் சுவர் மாதிரி இருக்கும். 300 கிலோ கல்லைக் கடப்பாரையால் நகர்த்த நான்கு பேர் வேண்டும். ஆகவே லாரி எவ்வளவு பக்கத்தில் வரும் என்பதைப் பார்த்து அருவியின் இடத்தை முடிவு செய்வதில் வெட்கமில்லை.

பெரிய கல்லை மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைய வைத்தால்தான் அங்கேயே முளைத்த மாதிரி தெரியும். தண்ணீர் குதிக்கும் வாய்க்குக் கடப்பாக்கல் பலகை எளிது. முன்பக்கம் இரண்டு அங்குலம் நீட்டி, லேசாகச் சரித்து, அடிப்பக்கத்தில் நுனியிலிருந்து அரை அங்குலம் தள்ளி கட்டிங் மிஷினால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அந்தக் கோடு இல்லாவிட்டால் தண்ணீர் பலகையின் அடியை ஒட்டிப் பின்னோக்கி ஓடிவிடும். அருவி கொட்டாமல் கல் மட்டும் வியர்ப்பதற்குக் காரணம் பாதி நேரம் இதுதான்.

மீதி நேரம், கல் இடுக்கு. தண்ணீர் எப்போதும் கல்லுக்கு மேலே போவதைவிடப் பின்னால் ஒளியத்தான் விரும்பும். வாய்க்கல்லின் அடியிலும் இரு பக்கமும் அருவிக்கென்றே வரும் கறுப்பு ஃபோம் அடிக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கும் சாதாரண பியூ ஃபோமை அடித்து, ஈரமாக இருக்கும்போதே மேலே மணலைத் தூவி அழுத்திவிடலாம். மணல் மூடாத ஃபோம் வெயிலில் மஞ்சளாகி உதிரும். சிமெண்ட் கலவை ஷீட்டோடு ஒட்டாது, கல் ஒரு நூல் அசைந்தாலும் விண்டுபோகும்.

பம்ப்

அருவியின் வாய் ஓர் அங்குலத்துக்கு மணிக்கு சுமார் 380 லிட்டர் விழுந்தால் கண்ணாடித் தகடு மாதிரி விழும். கல்லில் தவழ்ந்து இறங்கும் அருவிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கோ சற்று மேலோ போதும். 12 அங்குல வாய்க்கு 3,000 முதல் 4,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த அளவு தண்ணீர் மேலே வந்து விழும் இடத்தில் கிடைக்க வேண்டும். பம்ப் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் வேறு. பெட்டியில் 7,000 லிட்டர், 4 மீட்டர் என்று இரண்டு எண் இருந்தால், உயரமே இல்லாதபோது 7,000. 4 மீட்டர் உயரத்தில் பூஜ்யம். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஒன்றரை மீட்டரில் பாதி, அதற்குச் சற்று மேல் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

இந்த இடத்தில் பிளம்பரோடு ஒரு சண்டை வரும். அவர் கையில் இருப்பது ஓர் அங்குல பைப். மணிக்கு 4,000 லிட்டரை 25 மில்லி மீட்டர் உள்விட்டமுள்ள 6 மீட்டர் பைப்பில் தள்ளினால் உராய்வில் மட்டும் சுமார் 1.3 மீட்டர் உயரத்துக்கு இணையான அழுத்தம் போய்விடும். அருவியின் உயரமே 1.07 மீட்டர்தான்! அதையே 40 மில்லி மீட்டர், அதாவது ஒன்றேகால் இன்ச் பைப்பாகப் போட்டால் இழப்பு கால் மீட்டருக்குள் அடங்கும். பைப் விலையில் வரும் சின்ன வித்தியாசத்துக்கு, பம்ப் ஒரு சைஸ் குறைகிறது.

இன்னொரு உள்ளூர் வழக்கம், அரை ஹெச்பி ஓப்பன்வெல் மோட்டாரைக் குளத்தில் இறக்கிவிடுவது. மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டிய மோட்டார் மூன்றரை அடிக்கு உழைக்கும். மணிக்கு அரை யூனிட்டுக்கு மேல் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 13, 14 யூனிட். 90 வாட் குளத்துப் பம்ப் நாளுக்கு 2.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 130 யூனிட். வீட்டுப் பயன்பாடு ஏற்கெனவே 400க்கு அருகில் இருந்தால் இந்த 130 உங்களை 500ஐத் தாண்ட வைக்கும், அங்கே கட்டணக் கணக்கே மாறும். பம்ப் விலையைவிட இதை முதலில் பாருங்கள். இரவில் நிறுத்திவிடலாமே என்றால், மீன் இல்லாத குளத்தில் நிறுத்தலாம். மீன் இருந்தால் இரவில்தான் ஆக்சிஜன் குறையும், கோடைச் சுடுநீரில் இன்னும் குறையும்.

வேலை முடிந்ததும் சரிபார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். அருவியின் வாயில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். 18 முதல் 24 வினாடிக்குள் நிரம்பினால் சொன்ன அளவு வருகிறது. 40 வினாடி ஆனால் கான்ட்ராக்டரை அழையுங்கள்.

பம்பை அருவிக்கு எதிர்மூலையில், தரையிலிருந்து ஆறு அங்குலம் உயர்த்தி வைக்க வேண்டும். சேறு ஏறாது. வெளியே பைப் கழன்றாலும் மீன் உயிர்வாழ அரை அடித் தண்ணீர் மிஞ்சும். அருவிக்குப் பின்னால் 200 லிட்டர் நீலப் பேரலை ஃபில்டராக வைத்து, அடியில் தண்ணீரை விட்டு, ஜல்லி, நைலான் நார், ஸ்பாஞ்ச் வழியாக மேலேறி வழிய விடுவது இந்த அளவுக்குப் போதும். அப்படிச் செய்தால் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் மின்சாரம் நின்றதும் பேரல் தண்ணீர் பம்ப் வழியாகத் திரும்பி இறங்கி, சேறெல்லாம் குளத்துக்கு வந்துவிடும். ஃபில்டரில் நுண்ணுயிர் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம். அதற்கு முன் பத்து மீன் விட்டால் பத்தும் மிதக்கும்.

வயரிங்கைப் பற்றி ஒரே வாக்கியம்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின் கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் இரண்டும் இல்லாத குளத்தில் கை வைக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு

60 சதுர அடி நீர்ப்பரப்பிலிருந்து கோடையில் நாளுக்கு 6 முதல் 8 மில்லி மீட்டர் ஆவியாகும். அது மட்டும் 40 லிட்டர் பக்கம். அருவியில் தெறிப்பதும் கல் குடிப்பதும் சேர்த்தால் 60, 70 லிட்டர் ஆகும். தண்ணீர் போகும், உப்பு போகாது. டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பின் அளவு, 1,000 உள்ள போர் தண்ணீரையே தினமும் ஊற்றி நிரப்பினால் ஐந்தாறு வாரத்தில் குளத்து உப்பு இரட்டிப்பாகிவிடும். கல்லில் வெள்ளைப் படலம் தெரிய ஆரம்பிக்கும். அந்தப் படலம்தான் மெத்தைப்பாசிக்கு எமன். மெத்தைப்பாசிக்கு வேர் கிடையாது, இலையாலேயே தண்ணீரை உறிஞ்சுகிறது, உப்பும் கூடவே ஏறும்.

ஆகவே வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை வெளியே எடுத்து மரங்களுக்கு விட்டுவிட்டு, புதிது நிரப்ப வேண்டும். மாடி மழைநீரைச் சேமிக்கும் தொட்டி இருந்தால் அதைக் குளத்துக்கென்று ஒதுக்குங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல். குளோரின் போக ஒரு நாள் திறந்த டிரம்மில் வைத்து விட வேண்டும். ஆர்ஓ மெஷின் கழிவுநீரைக் குளத்துக்குத் திருப்பிவிடும் யோசனையைச் சிலர் சிக்கனம் என்று சொல்லித் தருகிறார்கள். அது பிழிந்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்த தண்ணீர். பாத்திரம் கழுவலாம், தரை துடைக்கலாம், குளத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மெத்தைப்பாசி

இனி படத்தில் பார்த்த பச்சைக்கு வருவோம். கொட்டேஷனில் "மாஸ் வேலை" என்று ஒரு தொகை போட்டிருந்தால் அதை அடித்துவிடுங்கள். மலையிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து பசையால் ஒட்டும் பாசி, மாசி பங்குனியைத் தாண்டாது. குளிர்ந்த மலையில் வளர்ந்த இனத்துக்கு வேலூர்க் கோடை தாங்காது. காட்டிலிருந்து எடுப்பது சட்டப்படியும் தவறு.

தாங்கும் இனம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவரின் நிழல் பக்கம், கிணற்று உறை, தண்ணீர்த் தொட்டியின் அடி, பழைய செங்கல் மதில் எல்லாவற்றிலும் கரும்பச்சையாக ஒட்டியிருக்கிறதே, அதுதான். ஹையோஃபிலா போன்ற இவை கோடையில் காய்ந்து சுருண்டு பழுப்பாகக் கிடக்கும், மழை பட்டதும் விரியும். பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டால் மெல்லிய மண்ணோடு சுரண்டி எடுக்கலாம்.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தண்ணீர் பாயும் தடத்தில் வைத்தால் அடித்துக்கொண்டு போகும், அந்த இடம் வழுக்குப்பாசியின் சொத்து. தடத்துக்கு இரு பக்கமும் அரை அடியிலிருந்து ஓரடி வரை, சாரல் மட்டும் படும் கல்லில், வடக்கு அல்லது கிழக்கு பார்த்த முகத்தில் வைக்க வேண்டும். ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி ஓடைக்குப் போனால் மரநிழல் கல்லையும் வெட்டவெளிக் கல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. பகல் 11 மணிக்குப் பிறகு நேர்வெயில் படும் இடமாக இருந்தால் பங்குனி முதல் ஆனி வரை 75 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டாமல் எதுவும் நடக்காது.

ஒட்டும் முறை எளிது. சலித்த செம்மண்ணை இட்லி மாவு பதத்துக்குக் கரைத்து, சுரண்டிய பாசியில் கொஞ்சத்தை உதிர்த்துப் போட்டு, கல்லின் பள்ளங்களில் பூசுங்கள். மேலே துண்டுப் பாசியை வைத்து அழுத்தி, மீன் தூண்டில் நரம்பால் ஒரு சுற்று கட்டுங்கள். ஆறு வாரம் காலையும் மாலையும் மழைநீரைத் தெளிக்க வேண்டும். மோர் ஊற்றினால் சீக்கிரம் வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். மோருக்கு முதலில் வருவது எறும்பு, அடுத்தது பூஞ்சை.

நல்ல பழைய கல் கிடைக்கவில்லையென்றால் செயற்கைக் கல் வார்க்கலாம். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு. மண்ணில் தோண்டிய ஒழுங்கற்ற குழியில் கொட்டி இரண்டு நாள் கழித்து எடுத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு மாதம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைப்பதால் கருங்கல்லைவிட இதில் வேகமாகப் பாசி ஏறும். முன்வரிசையில் கருங்கல், சாரல் படும் பள்ளங்களில் இது என்று கலந்தால் யாருக்கும் தெரியாது.

வண்ணமீன் கடையில் விற்கும் ஜாவா மாஸும் ஒரு வழி. எப்போதும் நனைந்திருக்கும் நிழல் கல்லில் அழகாகப் படரும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பழுக்கும். ஆகவே ஆடியிலிருந்து மாசி வரைக்குமான அழகு என்று நினைத்து வாங்குங்கள்.

கோடைக்கு, விவசாயிகள் வாங்கும் 16 மில்லி மீட்டர் சொட்டுநீர்க் குழாயும் மணிக்கு நான்கு லிட்டர் விடும் டிரிப்பர் ஐந்தாறும் போதும். கல்லுக்குப் பின்னால் மறைத்து, நாளுக்கு மூன்று முறை ஐந்து நிமிடம். பனிமூட்டம் போல் அடிக்கும் மிஸ்ட் நாசில் பார்க்க அழகு, நம் போர் தண்ணீரில் ஒரே மாதத்தில் அடைத்துக்கொள்ளும். பங்குனியில் பாசி பழுத்ததும் செத்துவிட்டது என்று பிரஷ் போட்டுத் தேய்க்கும் வேலையாளைத் தடுத்து நிறுத்துவதுதான் பராமரிப்பில் பாதி.

கொசு, மீன், பாம்பு

ஓடும் குளத்தில் கொசு முட்டையிடாது. முட்டையிடுவது கல்லின் மேல்பக்கக் குழிகளிலும் ஃபில்டர் பேரலின் மூடியிலும் தேங்கும் ஒரு டம்ளர் தண்ணீரில். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அந்தக் குழிகளைக் கலவையால் நிரப்பிவிடுங்கள். குளத்துக்குப் பத்துப் பதினைந்து கப்பி மீன். கோய் மீன் கேட்டால் கடைக்காரர் சென்னைக் கொளத்தூரிலிருந்து தருவித்துத் தருவார். ஆனால் அதற்கு மூன்றடிக்கு மேல் ஆழம் வேண்டும். இந்தக் குளத்துக்கு ஐந்தாறு தங்கமீனே அளவு. நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலை மூடினால் தண்ணீரும் சுடாது, பச்சையும் ஆகாது.

தவளை தானாக வரும், தவளையைத் தேடிப் பாம்பும் வரும். ஊர் ஓர மனைகளில் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள பொந்துகளை 20 மில்லி மீட்டர் ஜல்லியும் மண்ணும் திணித்து மூடாமல் வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது.

யாரிடம் கொடுப்பது

மூன்றாவது வழி, பொருளை நாம் வாங்கிச் செய்வதே நம் ஊருக்கு லாபம். ஆனால் ஒரு மாதம் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இருக்க வேண்டும். கான்ட்ராக்ட்தான் முடியும் என்றால் ஷீட்டின் வகை, சதுர அடி, பைப் விட்டம், பம்பின் வாட், விளிம்பு உயரம் ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். வண்ண விளக்கு, ஃபாகர், பச்சைக் கண்ணாடிக் கல் என்று இருக்கும் வரிகளை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம்.

கடைசித் தவணையில் நான்கில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சோதனை செய்யுங்கள். முதல் நாள் குளத்தை நிரப்பி, பம்பை ஓடவிடாமல், நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு 24 மணி நேரம். ஒரு சென்டி மீட்டருக்குள் இறங்கினால் வெயிலின் பங்கு. அதற்கு மேல் இறங்கினால் எங்கே வந்து நிற்கிறதோ அந்த மட்டத்தில்தான் ஓட்டை. இரண்டாம் நாள் பம்பை ஓட்டிக்கொண்டு அதே 24 மணி நேரம். இப்போது மட்டும் வேகமாக இறங்கினால் குளம் சரி, அருவியின் பக்கவாட்டு ஷீட்டோ மேல்மடிப்போதான் குற்றவாளி. பெரும்பாலும் கண்ணுக்கே தெரியும், கல்லுக்கு வெளியே மண் கறுத்திருக்கும். பம்பை நிறுத்தியதும் மேலேயுள்ள தண்ணீர் முழுவதும் இறங்கிய பிறகும் விளிம்புக்கு இரண்டு அங்குலம் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆனியில் தோண்ட ஆரம்பித்தால் ஆடி, ஆவணியில் மேடு அமுங்கி, புரட்டாசிக்குள் கல் ஏறிவிடும். அதுவரை மதில் பாசியைச் சுரண்ட வேண்டாம், வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாக நனைத்த பிறகு எடுங்கள்.